குழாய் வாயில் பிரெஞ்சுக் கொடி

அத்தியாயம் 6

கடலுக்கு தேசபக்தி வந்துவிட்டது. அதுவும் பிரெஞ்சு தேசபக்தி.

புதுச்சேரி கடற்கரையின் வடக்குக் கோடியில், குருசுக்குப்பத்துப் பக்கம், தெருச் சாக்கடைகளெல்லாம் ஒன்றுகூடி ஒரு பெரிய சிமெண்ட் குழாய் வழியாகக் கடலில் விழும். அந்த இடத்தில் கொஞ்ச நாளாக, சாயங்காலம் நாலு மணி வாக்கில், கரையை ஒட்டிச் சிவப்பு, அடுத்து வெள்ளை, அதற்கப்பால் நீலம் என்று கடல் மூன்று பட்டையாகத் தெரிந்தது. யாரோ எடுத்த படம் ஊரில் உள்ள எல்லா செல்போனிலும் குடியேறியிருந்தது. வேர்க்கடலை வண்டிகள் காந்தி சிலையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றன. வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் கைதட்டினார்கள். மீதிப்பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கைதட்ட வசதிப்படவில்லை.

இதில் அழுதுகொண்டிருந்தது ஒரே ஒரு வீடுதான். ஜூலை பதிமூன்றாம் தேதி காலை, அந்த வீட்டுக் கூடத்தில் துப்பறிவாளர் அமிர்தவல்லி உட்கார்ந்திருந்தாள். மூலக்குளத்தில் தையற்கடை மாடியில் ஆபீஸ் வைத்திருப்பவள். பக்கத்தில் உதவியாளன் தமிழ்மாறன். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. அவன் வாய்க்கு வயது இன்னும் கூட இருக்கும். புதுச் செருப்பு வாங்கியிருந்தான். வாசலில் விட மனசில்லாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு கத்தோர்ஸ் ஜுய்யே" என்றாள் ஜெனவியேவ் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற புதுச்சேரித் தமிழர்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் அணிவகுக்கும் நாள். "வருஷா வருஷம் முன்னால திராப்போ தூக்கிட்டுப் போறது எங்க வீட்டுக்காரரு முசியே ஒகுஸ்த்துதான். இந்த வருஷம் கூடாதுன்னுட்டாங்க."

திராப்போ என்றால் கொடி.

"என்ன குத்தமாம்?"

"கொடிய சாக்கடைத் தண்ணியில வரைஞ்சு அவமானப்படுத்திட்டாராம். போன வருஷ விருந்துல ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் எழுந்து நின்னு, 'ஒரு நாள் இந்தக் கடலே நம்ம கொடிய ஏத்தும்'னு சொல்லித் தொலைச்சாரு. அத புடிச்சிகிட்டாரு பின்வீட்டு லூதோவிக். பட்டாளத்துக்காரங்க சங்கத்துத் தலைவரு அவருதான். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள வேற குத்தவாளியக் காட்டலன்னா, நாளைக்கு கொடி அவரு கையில."

"வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. இருட்டுல உக்காந்துருக்காரு. கவலையில மஞ்சக்காமாலையே வந்துடுச்சும்மா. டாக்டர்கிட்ட வரமாட்டேன்றாரு. தெனம் நான் கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குறேன். ஒரு வார்த்த பேசாம குடிக்கிறாரு, பாவம். எனக்கும் கையும் ஓடல காலும் ஓடல. குழம்பு வெச்சா வெளுத்துக் கிடக்குது. மஞ்சத்தூள் டப்பா எப்ப பாத்தாலும் காலி. பூனைதான் தின்னுது."

"பூனை மஞ்சத்தூள் தின்னுமா மதாம்?" என்றான் தமிழ்மாறன்.

"இந்த வீட்டுப் பூனை எதுவும் தின்னும்."

உள்ளறையில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மூலையில், நாற்காலியில், முதுகு விறைக்க உட்கார்ந்திருந்தார் ஒகுஸ்த். தமிழ்மாறன் தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையைச் செலவழித்து, "போன்ஜூர் முசியே" என்று கையை நீட்டினான். அவர் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டன. பழைய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்கள், சாவு வீட்டில்கூடக் கைகொடுக்காமல் போகமாட்டார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தமிழ்மாறன் தன் தலையையே சொறிந்துகொண்டான்.

"சாயந்தரம் நாலு மணிக்கு எங்க இருப்பீங்க?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

"தூங்குவேன்."

"சாட்சி?"

"எனக்கு அப்ப கோயில்ல பாட்டுக் குழு இருக்குதும்மா" என்றாள் ஜெனவியேவ். "தனியாத்தான் தூங்குவாரு."

"காலையில?"

"காலையில ஒண்ணுமில்ல!" ஒகுஸ்த் சட்டென்று சொன்னார். இதுவரை பேசியதிலேயே இதுதான் வேகமான பதில்.

"நான் விடிஞ்சதும் பூசைக்குப் போயிடுவேன். திரும்பி வர வரைக்கும் குளிச்சிகிட்டே இருப்பாரு. சுத்தமான மனுஷன்" என்றாள் ஜெனவியேவ்.

ஒகுஸ்த் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் கொட்டல. கடல்ல ஒரு சொட்டுகூட நான் கொட்டல. ஆனா கொடிய மட்டும் புடுங்காதீங்க" என்றார். அந்தக் குரல் கேட்டுத் தமிழ்மாறனுக்கே ஜோக் வரவில்லை. இது அபூர்வம்.

குழாயடிக்கு அவர்கள் போனபோது வெயில் ஏறியிருந்தது. ஊர்ப் பக்கமிருந்து அனல் காற்று கடலைப் பார்த்து வீசியது. குழாயிலிருந்து சாக்கடை, சாக்கடைக்கு உரிய நிறத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. சிவப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

"படத்தக் காட்டு மாறா."

செல்போனில் பிரெஞ்சுக் கொடி ஜோராக நின்றது. இடது பக்கம் நீலம், நடுவில் வெள்ளை, வலது பக்கம் சிவப்பு.

"இப்ப நீ நிக்கிற எடத்துலேர்ந்து கடலப் பாரு. அந்தப் பட்டையெல்லாம் எப்படித் தெரியும்?"

"செவப்பு கீழ, வெள்ளை நடுவுல, நீலம் மேல..." தமிழ்மாறன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். "அட, கொடி படுத்துக்கிட்டில்ல இருக்கும்!"

"இது நிக்கணும்னா ஒரே எடம்தான். அந்த வடக்குப் பாறை மேல ஏறி, தெற்கப் பாத்து எடுக்கணும். கடல் இடது கையில வரும், கரை வலது கையில வரும். இத எடுத்த ஆளுக்கு கொடி தானா கண்ணுல படல. தேடிப் புடிச்சிருக்கான்."

"நீலத்தையும் வெள்ளையையும் எங்கேர்ந்து கொண்டாந்து ஊத்தினான்?"

"ஊத்தவேயில்ல. நீலம் கடல். வெள்ளை அலை ஒடையிற நுரை. ஊத்தினது செவப்பு ஒண்ணுதான்."

"அப்ப குத்தம் மூணுல ஒரு பங்குதான். தண்டனையையும் அப்படியே பிரிச்சிக் குடுக்கச் சொல்லுங்க. முசியே கொடியில ரெண்டு கலரையாவது தூக்கட்டும்."

பேசிக்கொண்டே வடக்குப் பாறையைக் காட்டக் காலை நீட்டினான். புதுச் செருப்பு கழன்று குழாய் வாயில் விழுந்தது. சாக்கடை அதைக் கடலிடம் கொடுத்தது, அனல் காற்று வாங்கிக்கொண்டது. கண் எதிரே அது நேரே கிழக்கே போனது. தமிழ்மாறன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

"பர்மாவுக்குப் போவுது மேடம். எனக்கு முன்னாடி என் செருப்பு வெளிநாடு பாக்குது."

தினமும் பாறை ஏறுவது யார் என்று வேர்க்கடலை வண்டிக்காரரிடம் கேட்டார்கள். "நம்ம லூதோவிக் முசியேதான், ஆட்டம் முடிஞ்சதும் வந்து ஏறுவாரு" என்று பதில் வந்தது. அமிர்தவல்லி முன்னால் நடந்தாள். பின்னால் தமிழ்மாறன் ஒற்றைச் செருப்போடு நொண்டினான்.

லூதோவிக் வீட்டுக் கொல்லையில் கால் வைத்ததும் தமிழ்மாறன் பயந்துபோனான். கொடிக்கயிற்றில் வரிசையாக வெள்ளைக் கையுறைகள் தொங்கிக்கொண்டு, காற்றில் எல்லாம் சேர்ந்து 'போ, போ' என்று அவனை விரட்டின. நடுவே, முழங்கை வரை கையை வாளியில் விட்டபடி நின்றார் லூதோவிக். மீசை மட்டும் பணி ஓய்வு பெறவில்லை.

"படம் எடுத்தது நான்தான். மறைக்கல" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே. "பாறை ஏறிப் பாத்தாத்தான் அக்கிரமம் முழுசாத் தெரியுது. அதான் எடுத்தேன்."

"செவப்பு ஊத்தினதும் நீங்களா இருக்கலாமில்ல? அவரு கொடி உங்க கைக்கு வருதே" என்றாள் அமிர்தவல்லி.

"நாலு மணிக்கு நான் பெத்தாங்க் ஆடுவேன். இரும்புக் குண்டு உருட்டுறதப் பாக்க மொத்தச் சங்கமும் நிக்கும். அத்தனை பேரும் எனக்கு சாட்சி. ஒகுஸ்த்துக்கு யாரு சாட்சி? தலகாணி!"

"இது என்ன வாளியில?"

"அணிவகுப்புக் கையுறை. சலவைக்குக் குடுத்தா சாம்பல் நெறத்துல வருது. அதனால ஒரு மாசமா தெனம் விடியக்காலையில நானே சோடா மாவும் சோப்பும் போட்டு அலசுறேன். இது ரெண்டாவது அலசல். கை வெளுப்பா இல்லாதவன் கொடியத் தொடக்கூடாது. அது சங்கத்து விதி."

சோடாத் தண்ணீரை அவர் காலால் தள்ளிவிட்டார். அது கொல்லைச் சாக்கடையில் இறங்கி, மதில் ஓரமாக ஓடி, ஒகுஸ்த் வீட்டுக் குளியலறையிலிருந்து வரும் குழாயோடு ஒரே மூடிக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. அமிர்தவல்லி அந்த மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மதிலின் அந்தப் பக்கம் யாரோ ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

நாலு மணிக்கு மறுபடி குழாயடி. காற்று திசை மாறியிருந்தது. இப்போது கடலிலிருந்து ஊருக்குள் குளுகுளுவென்று வீசியது. கூட்டம் கூடிவிட்டது. சொல்லிவைத்தாற்போல, தூரத்திலிருந்து மங்கலாக ஒரு சிவப்பு கரையை நோக்கி வந்து, அலை உடையும் இடத்தைத் தாண்டி, கரையோரம் ஒதுங்கிப் பட்டையாக நீண்டது. ஜனங்கள் 'ஓ' என்றார்கள்.

"குழாயப் பாரு" என்றாள் அமிர்தவல்லி.

குழாயிலிருந்து விழுந்தது இப்போதும் வெறும் சாக்கடை நிறம்தான். சிவப்பு குழாயிலிருந்து வரவில்லை. கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"மேடம்!" தமிழ்மாறன் பாறைப் பக்கம் ஓடினான். சிவப்புப் பட்டையின் வடக்கு ஓரத்தில், இரண்டு கற்களுக்கு நடுவே, அவன் செருப்பு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. "பர்மாவுல விசா குடுக்கல போல!"

"காலையில எந்தப் பக்கம் போச்சு?"

"நேரா கெழக்கே."

"இப்ப யாரு கொண்டாந்தது?"

தமிழ்மாறன் செருப்பைப் பார்த்தான், காற்றைப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"காலையில தரைக்காத்து வெளிய தள்ளுது. சாயந்தரம் கடல்காத்து உள்ள தள்ளுது."

"சாக்கடை நல்ல தண்ணி மாறா. உப்புத் தண்ணியில சட்டுனு கலக்காது. பால் மேல ஆடை மாதிரி மெதக்கும். காத்து எங்க தள்ளுதோ அங்க போவும். திரும்பி வரும்போது அலைக்கும் கரைக்கும் நடுவுல மாட்டிக்கும். ஆனி மாசத்து நீரோட்டம் வடக்க இழுக்கும், அதான் உன் செருப்பும் குழாய்க்கு வடக்க வந்து சேந்துது. எல்லாரும் நாலு மணிக்கு யாரு எங்க இருந்தாங்கன்னே கேட்டுக்கிட்டிருக்காங்க. நாலு மணிக்கு யாரும் ஒண்ணும் செய்யல. காலையில போனதக் கடல் திருப்பிக் குடுக்குது, அவ்ளோதான்."

"அப்ப விடியக்காலையில செவப்பு ஊத்தினது யாரு?"

"யாருமே ஊத்தல" என்று சொல்லிவிட்டு அமிர்தவல்லி வேகமாக நடந்தாள். தமிழ்மாறன் இரண்டு செருப்போடு பின்னால் ஓடினான். சந்தோஷத்தில் கேள்வி கேட்க மறந்துவிட்டான்.

ஆட்டமும் பாட்டுக் குழுவும் முடிந்ததும், லூதோவிக் கொல்லையில் நாலு பேரை நிற்கவைத்தாள் அமிர்தவல்லி. லூதோவிக், ஜெனவியேவ், தமிழ்மாறன், அப்புறம் ஒகுஸ்த். அவரை வீட்டிலிருந்து கிளப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு வந்தார். சாயங்கால வெயிலில் மூக்கு நுனி மட்டும் பலாச்சுளை நிறத்தில் மின்னியது.

"லூதோவிக் முசியே, புதுசா சோடா மாவு கரைச்சு ஒரு ஜோடி கையுறைய முக்கி எடுங்க. நல்லாப் பிழிஞ்சு ஒகுஸ்த் முசியேகிட்ட குடுங்க."

"எதுக்கு?"

"கை வெளுப்பா இருக்குதான்னு பாக்கத்தான். விதி உங்களுதுதானே."

கையுறை நீண்டது. ஒகுஸ்த் அசையவில்லை.

"போட மாட்டேன்."

"கொடி வேணுமா வேணாமா முசியே?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார், யாரும் பார்க்குமுன் ஈரக் கையுறைக்குள் நுழைத்தார், அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அது பரவியது. கட்டைவிரல், நடுவிரல், உள்ளங்கை. வெள்ளைக் கையுறை எல்லார் கண் முன்னாலும் செக்கச் செவேலென்று ஆனது.

"மோன் தியே! கடவுளே, ரத்தம்!" என்று லூதோவிக் பின்னால் நகர்ந்து வாளியைத் தட்டிவிட்டார். ஜெனவியேவ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ரத்தமில்ல முசியே" என்றான் தமிழ்மாறன் வாயைப் பிளந்தபடி. "ஆரத்தி! மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா செவக்குமே, எங்கம்மா கல்யாணத்துக்குக் கல்யாணம் சுத்திக் கொட்டுவாங்களே, அதே செவப்பு! சுண்ணாம்புக்குப் பதிலா சோடா!"

அமிர்தவல்லி ஒகுஸ்த் தலையிலிருந்த துண்டை மெதுவாக எடுத்தாள். நெற்றி, கன்னம், காது மடல் எல்லாம் மஞ்சள். மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தினால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"இது காமாலை இல்ல மதாம். தெனம் காலையில நீங்க பூசைக்குப் போனதும் இவரு மஞ்சக் குளியல் போடுறாரு. அதே நேரத்துல மதிலுக்கு இந்தப் பக்கம் லூதோவிக் முசியே சோடாத் தண்ணிய ஊத்துறாரு. ரெண்டும் ஒரே மூடிக்குக் கீழ சேருது. இவரு மஞ்சள் மட்டும்னா கடல் மஞ்சளாத்தான் இருக்கும். அவரு சோடா மட்டும்னா வெறும் நுரை. அந்தக் கொடிய ரெண்டு பேரும் சேந்துதான் ஏத்தியிருக்கீங்க."

"ஒரு டப்பா மஞ்சளுக்கா கடல் செவக்கும்?" என்றார் லூதோவிக். சங்கத் தலைவர் அவ்வளவு சுலபமாகத் தோற்கக் கூடாதல்லவா?

"டப்பா பத்தல" என்றார் ஒகுஸ்த் தலையைக் குனிந்துகொண்டு. "தட்டாஞ்சாவடி மசாலா மில்லுல மூட்டையா எடுத்தேன். கேட்டரிங்காரன்னு நெனச்சு அவன் என்னை அண்ணாச்சின்றான்."

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் ஜெனவியேவ்.

ஒகுஸ்த் சிவந்த கையைப் பார்த்தபடியே சொன்னார். "போன வருஷம் அணிவகுப்புப் படத்த பேத்தி அனைஸுக்கு அனுப்பினோமில்ல. பாரீஸ்ல அவ பாத்துட்டு, 'பாப்பி எங்க, தாத்தா எங்க?'ன்னு கேட்டா. நானும் பாத்தேன். கொடி இருக்குது. தொப்பி இருக்குது. மெடல் இருக்குது. நடுவுல நான் இல்ல. கருப்பா ஒரு ஓட்டை. இந்த வருஷமாவது கண்ணுக்குத் தெரியணும்னு நெனச்சேன். ஒரு சொல்தா மஞ்சத்தண்ணியில உக்காந்திருக்கான்னு வெளிய சொல்ல முடியுமா? கொடி போனாலும் போவட்டும்னுதான் வாயத் தெறக்கல. ஆனா போனா செத்துடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஜெனவியேவுக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப கீழாநெல்லிய எதுக்குத் தெனம் குடிச்சீங்க? அது எட்டிக்காய் மாதிரி கசக்குமே!"

"நீ அரைச்சுக் குடுத்த" என்றார் ஒகுஸ்த்.

லூதோவிக் கையுறைக் கயிற்றின் பக்கம் திரும்பி நின்றிருந்தார். மீசை லேசாக இறங்கியிருந்தது.

"அந்த அணிவகுப்புப் படத்த எடுத்ததும் நான்தான்" என்றார் மெல்ல.

"தெரியும். காலை அணிவகுப்பு. சூரியன் கடல் மேல இருந்திருக்கும், நீங்க ஊர்ப் பக்கம் நின்னு எடுத்திருப்பீங்க. வெளிச்சம் பூரா அவருக்கு முதுகுல. முகம் எப்படித் தெரியும்?" என்றாள் அமிர்தவல்லி.

"மொத்தத்துல நீங்க நிக்கிற எடமே சரியில்ல முசியே" என்றான் தமிழ்மாறன். "அங்க நின்னு மனுஷன ஓட்டையாக்கினீங்க, பாறையில நின்னு சாக்கடையக் கொடியாக்கினீங்க."

லூதோவிக் உள்ளே போனார். பிரிக்காத ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். தனக்கென்று அவர் எடுத்து வைத்திருந்த புதுக் கையுறை. சோடா காணாதது.

"இதப் போட்டுக்க. இது செவக்காது" என்று ஒகுஸ்த்திடம் நீட்டினார். "அந்தச் செவப்பு ஜோடிய எனக்குக் குடு."

"தலைவரே, விதி?" என்றார் ஒகுஸ்த்.

"விதிய எழுதினவன் நான்தான். நட, கொடிய தொடைச்சு வெக்கணும்."

மறுநாள் காலை, கடற்கரைச் சாலையில் வாத்தியம் முழங்க, ஒகுஸ்த் கொடியோடு முன்னால் நடந்தார். ராத்திரி முழுக்கத் தேய்த்துக் குளித்தும் மஞ்சள் போகவில்லை. அவர் பக்கத்தில் நடக்கவேண்டிய சங்கத் தலைவர், கையில் சிவப்புக் கையுறையோடு வரிசையை விட்டு ஓடி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த கிழவர்கள் இரண்டு பேர் கால் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

நாலு மணிக்குக் கூட்டம் வழக்கம்போல் குழாயடிக்குப் போனது. கடல் காற்று வந்தது, அலை வந்தது, சிவப்பு வரவில்லை. வேர்க்கடலைக்காரர் அமிர்தவல்லியைத் தேடிப் பிடித்து, "ஏம்மா, இந்தக் கேஸ மறுபடியும் தெறக்க முடியாதா?" என்று கெஞ்சினார்.

அதே நேரம் ஜெனவியேவ் போனில் பாரீஸிலிருந்து பதில் வந்தது. அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தாள்.

"'பாப்பி தெரியறாரு! நல்லாத் தெரியறாரு! அந்த மஞ்சள் மட்டும் என்னா ஃபில்டர்?'ன்னு கேக்குறா. என்னா சொல்லட்டும்?"

"ஃபில்டர்தான்னு சொல்லு" என்றார் ஒகுஸ்த். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த முதல் வரிய இன்னொரு தடவ படி."